கோயிலுக்கு வந்த ஜெட்

எங்கள் ஊரில் புது வண்டி எடுத்தால் அது நேராக வீட்டுக்கு வராது. முதலில் குலசாமி கோயிலுக்குத்தான் போக வேண்டும். லாரியோ, போர் போடும் ரிக் வண்டியோ, பெண்ணுக்கு வாங்கித் தரும் ஸ்கூட்டியோ, எதுவானாலும் கோயில் திடலில் சாமிக்கு முகம் காட்டி நிறுத்தி, சந்தனம் தடவி, மாலை போட்டு, கற்பூரம் சுற்றி, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் அது வண்டி. அதுவரை வெறும் இரும்பு. இதில் யாருக்கும் விலக்குக் கிடையாது. என் பெரியப்பா மகன் ஒருவன் சென்னையில் கார் வாங்கிப் பூஜை போடாமலே ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கார் ஒரு பாலத்துச் சுவரில் உரசியபோது பங்காளிகள் எல்லோரும் வருத்தப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் மகிழ்ந்தார்கள். நானும்தான்.

என் தம்பி ஓட்டியது ஜெட் விமானம். படையில் இருந்தான். எந்தத் தளம், என்ன பதவி என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. எருமப்பட்டிக்குக் கிழக்கே, கொல்லிமலை கண்ணுக்கு நேராக நிற்கும் எங்கள் ஊரிலிருந்து அப்படியொரு வேலைக்குப் போன ஒரே ஆள் அவன். அப்பா ரிக் வண்டி வைத்திருந்தவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் சுற்றிப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர். தம்பி விமானம் ஓட்டப் போகிறான் என்று தெரிந்தபோது, "நான் பூமிக்குள்ள போனேன், அவன் வானத்துக்குப் போறான். நடுவுல கெடக்கற தரையில நீ கோழி வளத்திக்கிட்டு இரு சாமி" என்று என்னைச் சீண்டினார். பக்கத்து ஊரில் என்னைக் கொடுத்த வீட்டில் முட்டைக்கோழிப் பண்ணை. அப்பா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அம்மா, தம்பி பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே இறந்துவிட்டார். அவனுக்குச் சோறு போட்டதும், தலை வாரி விட்டதும், டிபன் பாக்ஸில் தக்காளிச் சோறு கட்டிக் கொடுத்ததும் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவன்மேல் எனக்கு எவ்வளவு உரிமை இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்னால் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியவில்லை.

ஆரம்பித்து வைத்தது ஒரு கெடா வெட்டு. பங்காளி ஒருவர் புதிதாக ரிக் எடுத்திருந்தார். கோயில் திடலில் அந்தப் பெரிய வண்டி மாலையும் வாழைக்கன்றுமாகக் கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. தம்பியும் விடுப்பில் வந்திருந்தான். கறிச்சோற்றுப் பந்தியில் புது ரிக் வாங்கியவர் அப்பாவைப் பார்த்து, "ஏனுங்க பெரியப்பா, எல்லாத்து வண்டியும் கோயிலுக்கு வந்துருச்சு. உங்க பையன் வண்டியத்தான் நாங்க ஒருத்தரும் பாத்ததில்லீங்க. வண்டி இருக்குதுங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் எலும்பைக் கடிக்காமல் இலையிலேயே வைத்துவிட்டார். எனக்கு அப்பாவைத் தெரியும். அந்தச் சொல் உள்ளே இறங்கிவிட்டது.

கைகழுவும் இடத்தில் தம்பியிடம் கேட்டார். "ஏஞ்சாமி, உன்ர வண்டிய இந்தப் பக்கமா ஒருக்கா கொண்டாந்து காட்ட முடியுமா? நிறுத்த வேண்டாம். சாமி கண்ணுல பட்டாப் போதும்."

வேறு பிள்ளையாக இருந்தால் "அது என்ன நம்ம லாரியாங்கப்பா" என்று சிரித்துவிட்டுப் போயிருப்பான். இவன் யோசித்தான். அவன் யோசித்ததே எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் முந்தின நாள்தான் என் மகள் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், மேலே பறப்பது பயமா, கீழே பறப்பது பயமா என்று. "மேல ஒரு பயமும் இல்ல கண்ணு. மேல தப்புப் பண்ணினா, பண்ணினது தப்புன்னு தெரிஞ்சு சரி பண்ண நேரம் இருக்கும். கீழ வந்தா அந்த நேரம் இருக்காது. தெரியறதுக்குள்ள தரை வந்துரும்" என்றான். எதில் ஆபத்து என்று தெரியாதவன் இல்லை அவன். எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சில மாதம் கழித்து அப்பாவுக்குப் போன் செய்தான். அந்த வாரம் இரண்டு நாள் அவனுக்குப் பயிற்சி, பாதை எங்கள் மாவட்டத்தின்மேல். கொஞ்சம் ஒதுங்கி, கொஞ்சம் தாழ்ந்து வந்தால் கோயில். "காலையில சாப்பாட்டு நேரத்துக்குத் திடல்ல நில்லுங்கப்பா" என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் இவ்வளவு உயரத்துக்குக் கீழே வரக்கூடாது என்று விதி இருக்கிறது. விதியை மீறினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். "யாருக்குத் தெரியப் போவுது? உங்க ஊர்ல ராடார் வெச்சிருக்கியாக்கா" என்றான். அவன் மனைவியிடம் பேசினேன். "நான் சொன்னா எங்கீங்க அண்ணி கேக்கறாரு, அப்பா ஆசைப்பட்டுட்டாருங்கறாரு" என்றாள். அப்பாவிடம் பேசினேன். "நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லு, இல்லாட்டி சும்மா இரு" என்றார். என் வீட்டுக்காரர் மட்டும், "கரண்டுக் கம்பி இருக்குதே" என்றார். மேட்டூரிலிருந்து வரும் பெரிய டவர் லைன் எங்கள் காட்டைத் தாண்டித்தான் போகிறது. ஆக நான் பயந்ததெல்லாம் அந்தக் கம்பிக்குத்தான்.

முதல் நாள் நான் திடலுக்குப் போகவில்லை. கோபம் ஒரு பக்கம். குரோயர் ஷெட்டில் வேலை ஒரு பக்கம். குரோயர் என்றால் குஞ்சுப் பருவம் தாண்டி, முட்டைக்கு வராத வளர்கோழி. பெரிய கோழிகளெல்லாம் கூண்டில் இருக்கும். இவை நிலக்கடலைத் தோல் பரப்பிய தரையில் கூண்டில்லாமல் திரியும். இந்த வயதில் கோழிக்குப் பயம் வந்தால் பறக்காது, ஓடாது. மூலைக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். மேலே இருப்பதற்குக் கீழே சாவது தெரியாது. அதனால் குஞ்சுகளுக்கு வட்டமாகத் தகரம் கட்டுவோம், மூலையே இல்லாமல். கொஞ்சம் வளர்ந்ததும் தகரத்தை எடுத்துவிடுவோம். எங்கள் ஷெட்டில் எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

சத்தம் வந்தது என்று எழுதினால் அது சரியாகாது. சத்தம் தூரத்தில் கேட்டு, கிட்டே வந்து, பெரிதாகவில்லை. ஒன்றுமே இல்லாமல் இருந்து, மறு நொடி கூரைத் தகடு முழுக்க அதுதான். என் பல் ஆடியது. தீனித் தட்டுகள் கவிழ்ந்தன. நான் குனிந்து உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். நிமிர்ந்தபோது தரையில் ஒரு கோழி இல்லை. எல்லாம் இரண்டு மூலையில் இருந்தன, என் இடுப்பு உயரத்துக்கு.

நானும் என் வீட்டுக்காரரும், வேலைக்கு இருந்த ஒடிசாக்காரத் தம்பதியும் மேலேயிருந்து அள்ளி அள்ளி வீசினோம். உயிரோடு இருப்பவற்றை வீசினால் அவை திரும்ப ஓடி வந்து அதே மூலையில் ஏறின. கோழியைத் திட்டிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும் திட்டினேன். அடிவரிசைக்கு வந்தபோது எல்லாம் சூடாக இருந்தன, ஒன்றும் அசையவில்லை. நூற்றுக்கணக்கில் இருக்கும். எண்ணவில்லை. எண்ணி என்ன ஆகப் போகிறது.

அந்த நேரத்தில் திடலில் இன்னொரு கூத்து நடந்திருக்கிறது. அப்பா தாம்பாளத்தில் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் பூசணிக்காயுமாக நின்றிருக்கிறார். பங்காளிகள் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். வண்டி வருகிற நேரம் என்று யாரோ சொல்ல, அப்பா கற்பூரம் கொளுத்தக் குனிந்திருக்கிறார். காற்றுக்குத் தீக்குச்சி அணைந்திருக்கிறது. இரண்டாவது குச்சியை உரசினார். நிமிர்ந்தபோது எல்லோரும் கொல்லிமலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி போய்விட்டது. லாரி வந்து நிற்கும், கற்பூரம் சுற்றலாம் என்ற பழக்கத்தில் குனிந்த மனிதர், ஊரே பார்த்த மகன் வண்டியைத் தான் மட்டும் பார்க்கவில்லை. செல்போன்களிலும் வானமும் வேப்பமரமும்தான் விழுந்திருந்தன.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டபோது அப்பா இதைச் சொல்லியிருக்கிறார். "நான் பாக்கல சாமி. சத்தந்தான் கேட்டேன்." தம்பி சிரித்துவிட்டு, "நாளைக்கும் அந்த வழிதானுங்கப்பா. நாளைக்கு இன்னும் தாழ, கொஞ்சம் மெதுவா வாரேன். நீங்க குனியாம நில்லுங்க" என்றிருக்கிறான்.

பிறகு என்னையும் கூப்பிட்டான். நான் ஷெட்டுக்கு வெளியே தொட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கோழிகள் செத்ததைச் சொன்னேன். "அப்படியா செத்துச்சு" என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான், அதைப் பொய் சொல்ல மாட்டேன். "அப்பா கிட்டச் சொல்லாதக்கா. அவரு சந்தோசத்தக் கெடுக்காத. நஷ்டத்த நான் பாத்துக்கறேன்."

"கோழி கெடக்குது. நீ நாளைக்கு வராத."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும். அவரு பாக்கலையாமா, பாவம்."

"தாழ வந்தா நேரம் இருக்காதுன்னு நீதானடா சொன்னே."

"அது தெரியாதவனுக்குச் சொல்றது" என்றான். கெஞ்சினேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். "அக்கா, நீ கோழியோட இருந்து இருந்து கோழி மாதிரியே பயப்படற" என்றான். சிரிப்பு வரவழைக்கப் பார்த்தான். எனக்கும் வந்து தொலைத்தது. அவனோடு நான் பேசியது அதுதான் கடைசி.

செத்த கோழி போட எங்களிடம் மூடி போட்ட குழி ஒன்று உண்டு. தினம் சாகும் ஒன்றிரண்டுக்கு அது போதும். இத்தனைக்குப் போதாது. என் வீட்டுக்காரர் பெரிய குழி தோண்டப் பொக்லைனுக்குச் சொன்னார். எங்கோ கல்யாண மண்டப வேலையில் இருப்பதாகவும், விடிந்ததும் வருவதாகவும் ஆள் சொன்னான். அதுவரை காட்டு ஓரத்தில் பள்ளமாக இருந்த இடத்தில் கொட்டிச் சுண்ணாம்பு தூவி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கல் வைத்தோம். அந்தப் பள்ளத்துக்கும் இரண்டு ஊர் எல்லையில் இருந்த கோயில் திடலுக்கும் நடுவே இரண்டு சோளக்காடுதான் இருந்தது. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

காலையில் நாய்கள் தார்ப்பாயை இழுத்துப் போட்டிருந்தன. நான் முதலில் பார்த்தது நாய்களை இல்லை. தலைக்குமேல் பார்த்தேன். பருந்துகள். பண்ணைக்காரர்களுக்குப் பருந்து புதிதில்லை. எந்தப் பண்ணைமேலும் நாலைந்து சுற்றும். அன்றைக்கு வானம் கறுப்பாக இருந்தது. சுற்றுப்பட்டிலிருந்த அத்தனை பருந்தும், கொல்லிமலை அடிவாரத்துப் பருந்தும் வந்துவிட்டது போல அடுக்கடுக்காக வட்டம் போட்டன. கீழ் வட்டம் பனைமர உயரத்தில். மேல் வட்டம் டவர் லைனுக்கும் மேலே. சோளக்காட்டைத் தாண்டித் திடல்மேலும் சுற்றிக்கொண்டிருந்தன.

தம்பி ஒரு தடவை சொல்லியிருக்கிறான். கம்பியாவது அசையாமல் நிற்கும், வரைபடத்தில் இருக்கும், பறவைதான் எமன் என்று. இன்ஜினுக்குள் ஒன்று போனால் போதும் என்று.

கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அவன் மனைவியைக் கூப்பிட்டேன். விடியும் முன்னே கிளம்பிவிட்டான் என்றாள். "அவங்க ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லு, இங்க வரக்கூடாதுன்னு நிறுத்தச் சொல்லு" என்றேன். "சொன்னா எதுக்கு அங்க போறாருன்னு கேப்பாங்க அண்ணி. வேலை போயிருங்க" என்றாள். "போனாப் போவுது, சொல்லு" என்றேன். "சரிங்க அண்ணி" என்றாள். அவள் சொல்லிப் பார்த்தாளா, சொல்ல யாரும் கிடைக்கவில்லையா, கையில் போனை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாளா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் திடலில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. நேற்று இல்லாத மேளம்.

"அப்பா, மேல பாத்தீங்களா? அத்தன பருந்து சுத்துது. இன்னிக்கு வேண்டாமுங்கப்பா. துணியக் கிணிய வீசி, வராதன்னு காட்டுங்க."

"பாத்தேன் சாமி" என்றார். குரலில் அப்படியொரு நிறைவு. "கும்பாபிசேகத்துக்குக்கூட ஒரு கருடன்தான் வந்துச்சு. இன்னிக்குப் பாரு, கூட்டமா வந்து வட்டம் போடுது. பூசாரி அழுவறாரு. நம்ம சாமி உத்தரவு குடுத்துருச்சு கண்ணு."

"அது கருடன் இல்லீங்கப்பா. எங்க செத்த கோழிக்கு வந்த கள்ளப்பருந்து."

"நல்ல காரியம் நடக்கறப்ப உன்ர வாயில செத்த கோழிதான் வருமா" என்று வைத்துவிட்டார். எதனால் செத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தம்பி சொல்லாதே என்றதால் மட்டுமில்லை. சொல்ல அவர் விடவில்லை.

பொக்லைன் வரவில்லை. என் வீட்டுக்காரர் தீபாவளிக்கு மிஞ்சிய அணுகுண்டு இரண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெடித்தால் கீழே தின்றுகொண்டிருப்பவையும் மேலே எழும்பும். மேலே சுற்றுபவை இறங்கித் தின்னட்டும், தரையில் இருந்தால் ஆபத்தில்லை என்று எனக்குத் தோன்றியது. மண்வெட்டியால் மூடப் போனவரையும் நிறுத்தினேன். நானே தார்ப்பாயை முழுவதும் இழுத்து விலக்கினேன். இரண்டு பேரும் தள்ளிப் போய்ச் சோளத்தட்டுக்குள் நின்றோம். பருந்துகள் ஒவ்வொன்றாக இறங்கின. இன்னும் இறங்கு, இன்னும் இறங்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எதைச் செய்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சொல்பவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கென்ன.

நேரமாகிக்கொண்டே இருந்தது. வரமாட்டான், யாரோ நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு நிம்மதி வந்தது. என் வீட்டுக்காரர் பீடி பற்ற வைத்தார்.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோடு போலத் தெரிந்தது. நேற்றையைவிடத் தாழ, நேற்றையைவிட மெதுவாக. அப்பாவுக்காக மெதுவாக. அப்படி மெதுவாக வந்ததால்தான் சத்தம் முன்னாடியே வந்தது. தின்றுகொண்டிருந்த பருந்துகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. எனக்கும் வானத்துக்கும் நடுவே இறக்கை தவிர ஒன்றுமில்லை. அதற்குள்ளே அது வந்தது. என் தம்பி உள்ளே இருக்கிறான் என்பது தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

இடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வால் பக்கம் குபீரென்று ஒரு தீ நாக்கு வந்து போனது. இரைச்சல் மாறியது. லாரி மேட்டில் ஏறும்போது கியர் மாட்டாமல் இழுக்குமே, அப்படி இழுத்தது. மூக்கு மேலே தூக்கியது. திடலில் மேளம் உச்சத்துக்குப் போயிருந்தது. கை தட்டினார்கள். யாரோ பூசணிக்காயை உடைத்தார்கள். தீ வந்ததை அவர்கள் வித்தை என்று நினைத்தார்கள். சோளக்காட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர் கத்தியது அந்தக் கைத்தட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

மலைப்பக்கம் திரும்பியது. கொஞ்ச தூரம் போனது. பிறகு இறங்கியது. புகை வந்த பிறகுதான் மேளம் நின்றது.

குடை விரிந்து இறங்குவான் என்று ஊர் முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. நேரம் இருக்காது என்று அவன் சொல்லியிருந்தான்.

விழுந்தது தரிசுக் காட்டில். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மட்டும் சாமியைக் கும்பிடுகிறேன். மறுநாளே பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஊரைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தவன் என்று எழுதி, அவன் சீருடைப் படமும் கீழே பங்காளிகள் பதினாறு பேர் படமும் போட்டார்கள். ரிக் வாங்கியவர் படம் முதலில் இருந்தது. எந்த ஊரைக் காப்பாற்றினான்? எதனிடமிருந்து? அந்த ஃபிளெக்ஸைக் கிழிக்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அப்பா தினமும் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். அதனால் கிழிக்கவில்லை.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். வயலில் கிடந்த இறகுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். தம்பி அந்தப் பக்கம் வருவது முன்னமே தெரியுமா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஊர் மொத்தமும் ஒரே வாயாகத் தெரியாது என்றது. சொல்லி வைத்துக்கொண்டு சொல்லவில்லை. செத்தவன் பேரைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நானும் தெரியாது என்றேன். கோழிப் பள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டு, இப்படித் திறந்து போடலாமா என்று என்னைக் கேட்டார்கள். போடக்கூடாதுதான் என்றேன்.

காரியத்தன்று சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது அப்பா என்னைக் கை நீட்டிச் சொன்னார். "சாமி கருடனாத்தான் வந்துச்சு. இவ கொட்டி வெச்ச செத்த கோழி கள்ளப்பருந்தக் கூட்டியாந்துருச்சு. என்ர பையன இவ கோழிக்குழி தின்னுருச்சு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்தார். "மாமா, அந்தக் கோழி எதனால செத்துச்சுன்னு உங்களுக்கு" என்று ஆரம்பித்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். கிழியும் அளவுக்கு இழுத்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு அப்பா ஒரு வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் கொண்டுபோகும் சோற்றைச் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் வரும். வழியில் சைக்கிளை நிறுத்தி, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுப்பேன். முதல் நாள் அவன் வந்ததால்தான் கோழி செத்தது. கோழி செத்ததால்தான் பருந்து வந்தது. நீங்கள் பார்க்கவில்லை என்றதால்தான் மறுநாள் அவன் வந்தான். மூன்று வாக்கியம். சொன்னால் என்மேல் இருக்கும் பழி இறங்கிவிடும். எங்கே போய் இறங்கும் என்பதையும் யோசிப்பேன். அவருக்கு எழுபத்தைந்து வயது. சோற்றுப் பாத்திரத்தைத் திண்ணையடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

போன மாதம் தானாகவே பஸ் ஏறி வந்தார். ஷெட்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். காப்பி கொடுத்தேன், குடித்தார். வெகுநேரம் ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எல்லாம் வடிந்து, முகம் சின்னதாகப் போயிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஏஞ்சாமி, அன்னிக்கின்னு பாத்து அத்தன கோழி ஏன் செத்துச்சு?"

என் வீட்டுக்காரர் முட்டை அட்டையை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சீக்குங்கப்பா" என்றேன்.

"முன்னாடியே மருந்து குடுத்திருக்கலாமல்ல கண்ணு" என்றார்.

"குடுத்திருக்கலாமுங்கப்பா" என்றேன்.